வென்ற மறுநாள்

குருவுக்கு வயது இருபத்தாறு. சீடராகச் சேர வந்தவருக்கு அறுபத்திரண்டு.

குருவின் பெயர் ரங்கநாயகி. சிங்காநல்லூரில் பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டும் பட்டறையில் வேலை பார்த்தாள். பதினேழாவது வயதில் இடது முழங்காலில் எலும்புப் புற்றுநோய் வந்தது. கெட்ட எலும்பை எடுத்துவிட்டு உள்ளே இரும்பு வைத்து அனுப்பினார்கள். அன்று முதல் மாடிப்படி ஏறும்போது இடது காலைக் கொஞ்சம் இழுத்து வைப்பாள். ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு விடுமுறை. முதலாளியிடம் சாவி வாங்கி மாடி அறையைத் திறந்து வைப்பாள். புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்த இளவட்டங்கள் பதினான்கு பேர் அங்கே கூடுவார்கள். அவர்களுக்கு அவள் அக்கா. குரு என்று யாரும் அழைத்ததில்லை. ஒருவர் தெரியாமல் தவித்து, இன்னொருவர் வாசலில் போய் நின்றுவிட்டால், குரு யார், சீடர் யார் என்பது அங்கேயே தீர்ந்துவிடுகிறது. தனியாகப் பட்டம் கட்ட ஆள் வேண்டியதில்லை.

சீடரின் பெயர் மாசிலாமணி. பஞ்சாலைத் தொழிற்சங்கத் தலைவராக முப்பது வருடம் இருந்தவர். மில் வாசலில் அவர் வாயைத் திறந்தால் மூன்று ஷிப்டும் நிற்கும். அவர் பேச்சைக் கேட்டு ஆறாயிரம் பேர் அடுப்பை அணைத்துவிட்டுத் தெருவில் உட்கார்ந்ததுண்டு. இப்போது அவர் வீட்டில் அவருடைய ஒரே மகள் அவரோடு பேசுவதில்லை. இன்றோடு பத்தொன்பது நாள்.

"உள்ள வரக் கூடாதுங்க," என்றாள் ரங்கநாயகி, படியின் மேல்தட்டில் நின்றபடி.

"நான் வாலண்டினாவோட அப்பா."

"தெரியுங்க. அதனாலதான் சொல்றேன். அப்பா, அம்மா யாரும் உள்ள வர்றதில்லை."

"போன ஞாயித்துக்கிழமை கீழ ரோட்டுல நின்னேன், அம்மணி. அவ சிரிச்சது கேட்டுச்சு."



உண்மையில் அவர் மகளுக்குத் தெரியாமல் பின்னாலேயே வந்து, பட்டறையின் இரும்புக் கதவோரம் ஒரு திருடனைப் போல நின்றிருந்தார். மேலேயிருந்து ஒரு சிரிப்பு விழுந்தது. யாரோ ஏதோ சொல்ல, வாலு சிரித்தாள். வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர். சின்ன வயதில் செய்யாத சேட்டை இல்லை. அந்தச் சிரிப்பை அவர் கேட்டு ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அது படியிறங்கி வந்து, அவரைக் கண்டுகொள்ளாமல், தெருவோடு போய்விட்டது. அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"நீங்க என்ன சொல்லி அவளைச் சிரிக்க வெச்சீங்க? அதை எனக்குச் சொல்லிக் குடுங்க. உங்க சீடன்னே வெச்சுக்குங்க."

"உங்க வயசுல பாதிகூட எனக்கு இல்லீங்கய்யா."

"வயசு பாத்துக் கத்துக்கிறதுன்னா நான் இந்நேரம் கைநாட்டு. அஞ்சாவதோட நின்னவன். தெருவுல கிடந்த நோட்டீசை எடுத்துப் படிச்சுத்தான் எழுத்துக் கூட்டினேன்."

"ஏன் பேசறதில்லைன்னு அவ சொன்னாளா?"

"சொல்லாட்டி என்ன? எனக்குத் தெரியாதா?"

மே தினத்துக்கு அவர் ஒரு நோட்டீஸ் அடித்திருந்தார். ஆயிரம் பிரதி. மேலே 'நோயை வீழ்த்திய போராளி, தோழர் வாலண்டினா' என்று கொட்டை எழுத்து. கீழே ஒரு படம். ஆஸ்பத்திரியில் நாலாவது கீமோ முடிந்த மறுநாள், தலையில் ஒரு முடிகூட இல்லாமல், புருவமும் இல்லாமல், தலையணையில் சாய்ந்து அவள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்த படம். அவருடைய செல்போனில் இருந்தது. அவருக்கு அது உலகத்திலேயே அழகான முகம். ஊரே பார்க்கட்டும் என்று நினைத்தார். பொதுக்கூட்டத்தில் அவளை மேடைக்கு அழைத்தார். வந்தாள். மைக்கைக் கையில் கொடுத்தார். வாங்கினாள். முன்வரிசையில் எல்லார் கையிலும் அந்த நோட்டீஸ் இருந்தது. மைக்கைத் திருப்பி அவர் கையில் கொடுத்துவிட்டு இறங்கிப் போனாள்.

தோழர்கள் கை தட்டினார்கள். உணர்ச்சிவசப்பட்டுவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார்கள். மாசிலாமணியும் முதலில் அப்படித்தான் நினைத்தார்.

"அவகிட்ட கேட்டுச் சொல்றேன், இருங்க," என்று ரங்கநாயகி உள்ளே போனாள். கதவு மூடியது. திறந்தது.

"டீ கொண்டு வர்றீங்களா?"

"டீயா?"

"பதினாலு பேருக்கு. ஒவ்வொரு வாரமும். கதவுக்கு வெளிய வெச்சுட்டு நீங்க படியில உக்காந்துக்கலாம். உள்ள எட்டிப் பாக்கக் கூடாது. அவ சரின்னுட்டா."

"வேற ஏதாச்சும் சொன்னாளா?"

"சக்கரை கம்மியாப் போடச் சொன்னா."

அது டீக்குச் சொன்ன சொல்தான், அவருக்குச் சொன்னதில்லை. ஆனாலும் வீடு போய்ச் சேரும்வரை அவர் அதையே நினைத்துக்கொண்டு போனார்.

*

முப்பது வருடம் அவருக்கு டீ வாங்கி வந்து கையில் கொடுக்கத் தோழர்கள் போட்டி போட்டதுண்டு. இப்போது அறுபத்திரண்டு வயதில் தூக்குப்போசியில் டீயை நிரப்பி எடுத்துக்கொண்டு படியேறினார். கதவோரம் வைத்தார். உட்கார்ந்தார். பத்து மணிக்கு வாலு வந்தாள். படியில் அவரைத் தாண்டும்போது பாவாடையை ஒதுக்கிக்கொண்டு போனாள். மிதித்துவிடக் கூடாதே என்ற கவனம் இருந்தது, பார்வை மட்டும் இல்லை.

கதவு மூடிய பிறகு பேச்சு கேட்கவில்லை. குரல்கள் மட்டும் குழம்பிக் கேட்டன. அதில் மகளுடையது எது என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இரண்டாவது வாரம் ரங்கநாயகி வெளியே வந்து போசியைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஆறிப்போச்சுங்கய்யா."

"ஆறலையே? குடிக்கிற சூடுதான்."

"குடிக்கிற சூடு எங்களுக்கு ஆகாதுங்க. குடிக்க முடியாத சூட்டுல வேணும்."

"குடிக்க முடியாத டீ எதுக்கு அம்மணி?"

"மறுபடி வாங்கிட்டு வாங்க."

மில் நிர்வாகம்கூட அவரை இப்படி அலைய வைத்ததில்லை. முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார். கடைக்காரர், "என்ன தோழர், நல்லா இல்லைங்களா?" என்று கேட்டார். "நல்லாத்தான் இருக்கு. மேலிடத்துக்குப் புடிக்கல," என்றார்.

மூன்றாவது வாரம் கதவு படாரென்று திறந்தது. ஒரு பையன் வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். கோட்டைமேட்டு அபுதாகிர். பத்தொன்பது வயது. ரத்தப் புற்றுநோய் குணமாகி ஒரு வருடம் ஆகிறது. மறுநாள் அவனுக்கு ரத்தப் பரிசோதனை. உதடு வெளுத்திருந்தது. மூச்சு மேலே மேலே ஏறியதே தவிர இறங்கவில்லை.

மாசிலாமணி துள்ளி எழுந்தார். "தம்பி! பயப்படாத! நீ எதையெல்லாம் ஜெயிச்சு வந்தவன்..."

"அய்யா, உக்காருங்க," என்றாள் ரங்கநாயகி. போசியைத் திறந்து ஒரு டம்ளரில் ஊற்றி, பையன் கையில் கொடுத்தாள். ஆவி பறந்தது. "ஊது தாகிர். குடிக்காத. ஊது. அவசரப்படாத. ஆவி அந்தச் செவுரு வரைக்கும் போகணும்."

அவன் ஊதினான். முதல் ஊதல் உதறியது. இரண்டாவது பாதியில் அறுந்தது. ஏழாவதோ எட்டாவதோ நீளமாகப் போயிற்று. ஆவி சுவரைத் தொட்டுக் கலைந்தது. டீ குடிக்கிற சூட்டுக்கு வருவதற்குள் பையன் தோள் இறங்கி, முகத்தில் ரத்தம் வந்திருந்தது.

"அக்கா, இது டீயா, மருந்தா?"

"டீதான்டா. மருந்துன்னு சொன்னா நீ இந்நேரம் வாந்தி எடுத்திருப்ப."

உள்ளேயிருந்து எல்லாரும் சிரித்தார்கள். வாலுவும் சிரித்தாள்.

மாசிலாமணி அடுத்த வாரம் கடையில் டீ கொதிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்து வாங்கினார். போசியைத் தன் சிவப்புத் துண்டால் சுற்றி, மார்போடு அணைத்துக்கொண்டு, ஓட்டமும் நடையுமாக வந்தார். ரங்கநாயகி தொட்டுப் பார்த்துக் கையை உதறிக்கொண்டாள். ஒரு வார்த்தை பாராட்டவில்லை. அவருக்கும் அது வேண்டியிருக்கவில்லை என்பது அவருக்கே புதுசாக இருந்தது.

*

அன்று எல்லாரும் போன பிறகு அவர் மட்டும் படியை விட்டு எழுந்திருக்கவில்லை. ரங்கநாயகி கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பினாள்.

"ஒன்னு கேப்பேன். மறைக்காமச் சொல்லணும். அவளுக்கு நோய் திரும்பி வந்துருச்சா?"

"யார் சொன்னது?"

"செவ்வாக்கிழமையானா ஆஸ்பத்திரிக்குப் போறா. டாக்டரைப் பாக்கிறதில்ல. சீட்டுப் போடறதில்ல. கேன்டீன்ல ஒரு மணி நேரம் உக்காந்துட்டு வந்துடறா. தெய்வானைக்குத் தெரிஞ்சவங்க பாத்துட்டு வந்து சொன்னாங்க." தெய்வானை அவர் மனைவி. பனியன் கம்பெனியில் வேலை. வீட்டில் இப்போது அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் சேதி சொல்வது அவள்தான். "செவ்வாக்கிழமை அவளோட கீமோ நாள், அம்மணி."

"நோய் வரலீங்க. வர்ற வியாழக்கிழமை வருசாந்திர ஸ்கேன். அதுக்கு முன்னால யாருக்கும் ஒன்னும் தெரியாது."

"அப்புறம் எதுக்குப் போறா? அந்த நரகத்துக்கு யாராவது ஏங்குவாங்களா?"

ரங்கநாயகி இரும்புக் காலை நீட்டிப் படியில் உட்கார்ந்தாள்.

"உங்க ஸ்ட்ரைக் எத்தனை நாளுங்க நடந்துச்சு?"

"தொண்ணூத்திரண்டு நாள்." அவர் நிமிர்ந்தார்.

"ஜெயிச்சீங்களா?"

"ஜெயிச்சமாவா? ஆள்குறைப்பு உத்தரவை முதலாளியே கிழிச்சுப் போட்டான். எங்க கண்ணு முன்னால."

"மறுநாள் என்ன பண்ணுனீங்க?"

"மாலை போட்டாங்க. ஒண்டிப்புதூர் வரைக்கும் ஊர்வலம்."

"அது ஜெயிச்ச நாளுங்க. நான் கேட்டது மறுநாள்."

 போராட்டத்தைப் பற்றிப் பேச மாசிலாமணியிடம் ஆயிரம் மேடைக்குப் பேச்சு உண்டு. வெற்றியைப் பற்றி நோட்டீஸ் அடித்திருக்கிறார். வென்ற மறுநாளைப் பற்றி இந்த நாட்டில் எவனும் நோட்டீஸ் அடித்ததில்லை. அதை விரும்பிப் படிப்பவரும் இல்லை.

"மறுநாள் காலைச் சங்கு ஊதிச்சு," என்றார் மெதுவாக. "எல்லாரும் உள்ள போனாங்க. எனக்குக் காலு உள்ள போகல. கஞ்சித் தொட்டி வெச்சிருந்த எடத்துக்குப் போயிருச்சு. பந்தலைப் பிரிச்சுட்டாங்க. மூணு கருங்கல்லு. கொஞ்சம் சாம்பல். அவ்வளவுதான்."

"ம்."

"நல்ல நாளா அது? பட்டினி. போலீஸ் அடி. ரெண்டு பேரு செத்தாங்க. ஆனா அம்மணி, அந்தக் கஞ்சிய எல்லாரும் ஒரே எடத்துல உக்காந்து குடிச்சோம். எந்திரிச்சா இன்னிக்கு என்ன செய்யணும்னு தெரியும். பக்கத்துல இருக்கறவனுக்கு எதையும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்ல. ஜெயிச்சதும் அவனவன் மெஷினுக்குப் போயிட்டான். அதுக்குத்தான் ஸ்ட்ரைக்கே. அதுவும் தெரியுது. இருந்தும்..."

"அழுதீங்களா?"

"தலைவன் அழலாமா?"

"அழுதீங்களா?"

"அழுதேன்."

"தனியாவா?"

"இல்ல. ரிங்பிரேம் மெஷின்ல மருதாசலம்னு ஒரு ஆள். அவனும் உள்ள போகாம அங்க வந்து நின்னான்."

"உங்களைப் பாத்து என்ன சொன்னான்?"

"ஒன்னும் சொல்லல. ஒரு கல்லுல அவன் உக்காந்தான். ஒன்னுல நான். ரெண்டாஞ் சங்கு ஊதற வரைக்கும் அப்படியே இருந்தோம். அப்புறம் எந்திரிச்சு ரெண்டு பேரும் உள்ள போனோம்."

"அவனுக்கு நீங்க ஏதாச்சும் பேசினீங்களா?"

"இல்ல. அதிசயமா அன்னிக்கு எனக்கும் ஒன்னும் வரல." அவரே தொடர்ந்தார்: "அந்த மனுசன் முகம் இன்னிக்கும் அப்படியே நெனப்புல இருக்கு. மாலை போட்டவங்க ஒருத்தன் முகமும் இல்ல."

 கீழே தெருவில் ஒரு தண்ணீர் லாரி போய் ஓய்ந்த பிறகு ரங்கநாயகி கேட்டாள்:

"ஆஸ்பத்திரியில வாலுகூட யாரு இருந்தது?"

"நான்தான். தெய்வானைக்குக் கம்பெனியில லீவு கிடைக்கல. எட்டு மாசமும் நான்தான்."

"என்ன பண்ணுனீங்க?"

"என்னத்தைப் பண்ணுனேன்? அதான் வெக்கக்கேடு." அவர் குரல் தாழ்ந்தது. "ஆறாயிரம் பேருக்குத் தைரியம் சொன்ன வாய் அம்மணி இது. அவ கட்டில் பக்கத்துல திறக்கவே இல்ல. சாத்துக்குடி உரிச்சுக் குடுத்தேன். வாந்தி எடுத்தாக் கிண்ணத்தைப் புடிச்சேன். மத்த நேரமெல்லாம் ஒரு கட்டை மாதிரி உக்காந்திருந்தேன். நோய் போச்சுன்னு டாக்டர் சொன்ன அன்னிக்குத்தான் எனக்குக் குரலே திரும்பி வந்துச்சு."

ரங்கநாயகி அவரையே பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அதைப் பத்தி அவ இங்க ஏதாச்சும் சொன்னாளா?"

"இங்க பேசறதை வெளிய சொல்றதில்லீங்க."

"சரி."

"ஆனா ஒன்னு சொல்லச் சொல்லியிருக்கா. அதைச் சொல்லலாம்." அவள் எழுந்து சாவியை இடுப்பில் செருகினாள். "ஸ்கேன் வாரம் வந்தா இங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் ஒன்னு கேப்போம். என்ன துணை வேணும்? பேச்சா, சண்டையா, சும்மாவா? தாகிர் எப்பவும் சண்டைதான் கேப்பான். மூணு பேரு அவன்கூட கிரிக்கெட்டைப் பத்திக் கத்திக்கிட்டே ஆஸ்பத்திரி வரைக்கும் போவாங்க. பேச்சுக் கேக்கறவங்களுக்குப் பேச ஆள் உண்டு. வாலு சும்மா கேட்டிருக்கா."

"சும்மான்னா?"

"சும்மான்னா சும்மாதான். கூட இருக்கறது."

"யாரு போறீங்க?"

"உங்களைக் கேட்டிருக்கா."

மாசிலாமணி படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"என்னையா? பேரைச் சொல்லிக் கேட்டாளா?"

"அப்பான்னு சொன்னா."

அவர் கண் நிறைந்தது. துண்டை எடுத்துத் துடைத்தார்.

"சும்மா, அய்யா. ஞாபகம் வெச்சுக்குங்க."

"நூத்தி நாப்பத்தி நாலு தடை போட்டப்ப வாயில கறுப்புத் துணியக் கட்டிக்கிட்டு ரெண்டாயிரம் பேரைக் கூட்டிட்டு ஊர்வலம் போனவன் நான். என்கிட்டயா?"

*

வியாழக்கிழமை காலை அப்பாவும் மகளும் ஒரே பஸ்ஸில் போனார்கள். அவள் ஜன்னலோரம். அவர் ஒரு சீட் தள்ளிப் பின்னால்.

ஸ்கேன் கூடத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். சுவரோரம் மூன்று பேர் உட்காரும் இரும்புப் பெஞ்சு. வாலு ஒரு கடைசியில் உட்கார்ந்தாள். நடுவில் ஃபைலை வைத்தாள். மறு கடைசியில் அவர் உட்கார்ந்தார். அவளிடம் ஒரு லிட்டர் மருந்துத் தண்ணீர் கொடுத்து, ஒரு மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கச் சொன்னார்கள்.

அவர் சும்மா இருந்தார்.

அது எவ்வளவு பெரிய வேலை என்று யாருக்கும் தெரியாது. பக்கவாட்டில் பார்த்தார். நோய்க்கு முன்னால் அவள் முடி கோடு போட்டது போல நேராக இருக்கும். கீமோவுக்குப் பிறகு முளைத்தது சுருள் சுருளாக இருந்தது. காதுக்கு மேலே ஒரு சுருள் தனியாக நின்றது. அதைத் தொட வேண்டும் என்று கை பரபரத்தது. கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். ஒரு முறை அவள் தண்ணீரை விழுங்க முடியாமல் கண்ணை மூடினாள். 'முடியும் கண்ணு' என்று தொண்டை வரை வந்தது. விழுங்கினார். அவள் விரல்கள் குளிரில் விறைத்தது போல வெளுத்திருந்தன. ஒரு வார்த்தை சொன்னால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. அதையும் விழுங்கினார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

அப்போது ஆறு வயதுப் பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு தாய் உள்ளே வந்தாள். குழந்தைக்கு மொட்டைத் தலை. கையில் ஊசிக்குழாயைச் சுற்றிக் கட்டு. உட்கார இடமில்லாமல் பெஞ்சுக்கு எதிரே நின்றாள்.

வாலு அந்தக் குழந்தையைப் பார்த்தாள். நடுவில் இருந்த ஃபைலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்பா, இப்பிடி நகந்து உக்காருங்க. அந்தக்கா நிக்கிறாங்க."

அவரோடு பேசி ஐம்பத்தோரு நாள் ஆகியிருந்தது.

மாசிலாமணி எழுந்து நின்றுவிட்டார்.

"வாலு! பேசிட்டியா கண்ணு!" என்றார். அதோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. "நான் பண்ணுனது தப்பு. அந்த நோட்டீசு தப்பு. உன்னைக் கேக்காம அந்தப் படத்தைப் போட்டது பெரிய தப்பு. என் வாழ்நாள்ல லேபர் கமிஷனர்கிட்டகூட மன்னிப்புக் கேக்காதவன் நான். இத்தனை பேரு முன்னால உன்கிட்டக் கேக்கிறேன்..." குரல் எழும்பியது. மைக் இல்லாமலே நாற்பது பேருக்கும் கேட்டது. அவள் பட்ட பாட்டைச் சொன்னார். தான் பார்த்துக் கலங்கியதைச் சொன்னார். ஒரு வார்த்தைக்காக ஒரு தகப்பன் எப்படிக் காய்ந்து கிடந்தான் என்பதைச் சொன்னார். மூலையில் ஒரு பெரியவர், "நம்ம மாசிலாமணித் தோழருங்க," என்று பக்கத்து ஆளிடம் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நல்ல பேச்சு. அவர் பேசியவற்றிலேயே நல்ல பேச்சு என்று சொல்லலாம். ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

பேசி முடித்தபோது குழந்தையோடு வந்த தாய் தூரத்தில் ஒரு தூணில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். நர்ஸ் வெளியே வந்து, "வாலண்டினா," என்று கூப்பிட்டாள்.

வாலு எழுந்தாள். மடியில் இருந்த ஃபைலைப் பெஞ்சின் நடுவில் பழையபடி வைத்துவிட்டு உள்ளே போனாள்.

*

ஞாயிற்றுக்கிழமை அவர் அரை மணி முன்னதாகவே வந்து படியில் நின்றார். ரங்கநாயகி பட்டறைப் பூட்டைத் திறந்துகொண்டிருந்தாள்.

"ரிசல்ட் வந்துருச்சு அம்மணி. ஒன்னும் இல்லையாம். நல்லா இருக்காளாம்."

"தெரியுங்க. நேத்து போன் பண்ணிச் சொன்னா."

"என்கிட்டச் சொல்லல. தெய்வானை சொல்லித்தான் தெரியும்." அவர் துண்டை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினார். "நீங்க சொன்ன மாதிரியே இருந்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல வாயைத் திறக்கல. சத்தியமா. அப்புறம் அவளே பேசினா. எண்ணி ஒரே ஒரு தடவை. எனக்கு உசுரே வந்துச்சு. நாப்பது பேரு முன்னால மன்னிப்புக் கேட்டேன் அம்மணி. நான்! அந்தக் கூடமே அழுதுச்சு. அவ திரும்பிக்கூடப் பாக்கல. வீட்டுக்கு வந்தும் பேசல. இன்னிக்கு வரைக்கும் பேசல. மன்னிப்புக்கும் மேல ஒரு மனுசன் என்ன செய்யணும்? சொல்லுங்க, செய்யறேன்."

"அவ பேசினான்னு சொன்னீங்களே. என்ன பேசினா?"

"பெருசா ஒன்னுமில்ல. கைக்கொழந்தையோட... இல்ல, ஆறு வயசுக் கொழந்தை, ஒரு அம்மா நின்னுட்டு இருந்துச்சு. 'அப்பா, இப்பிடி நகந்து உக்காருங்க'ன்னா."

ரங்கநாயகி பூட்டிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு திரும்பினாள்.

"நகந்தீங்களா?"